கர்ப்ப காலத்தில் மார்பகம் கட்டுக்கடங்காமல் வளர்ந்தால்

கேள்வி: எனக்கு வயது 27. தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருக்கிறேன். இப்போது 21 வாரம். முதல் பிரசவத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த முறை மூன்றாம் மாத முடிவிலிருந்து இரண்டு மார்பகங்களும் வேகமாகப் பெருக்க ஆரம்பித்தன. புதிதாகத் தைத்த ஜாக்கெட் இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. இப்போது வயிற்றைத் தொடும் அளவுக்குத் தொங்குகின்றன. கழுத்தும் தோளும் விடாமல் வலிக்கின்றன. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. இடது மார்பகத்தின் அடியில் தோல் வெடித்து நீர் கசிகிறது. பால் கட்டியிருக்கிறது என்று மாமியார் சொல்கிறார். கண்ணேறு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒருவர் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். கருவைக் கலைத்தால் சரியாகிவிடும் என்று உறவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். கூச்சத்தால் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். இது என்ன நோய்? குழந்தைக்கு ஆபத்து உண்டா? மார்பகங்கள் பழைய நிலைக்குத் திரும்புமா? பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இடது மார்பகத்தின் அடியில் தோல் வெடித்து நீர் கசிகிறது என்கிறீர்கள். உங்களுக்கு வந்திருப்பதாக நான் கருதும் நிலையில், பெண்களைப் படுக்கையில் தள்ளுவதும் சில சமயம் உயிருக்கே உலை வைப்பதும், இப்படித் திறந்துகொண்ட தோலின் வழியே நுழையும் கிருமித் தொற்றும் புண்ணிலிருந்து ஏற்படும் இரத்தப்போக்கும்தான். எனவே அடுத்த பரிசோதனை நாள் வரும் என்று காத்திராமல், முடிந்தால் நாளைக்கே, மகப்பேறு மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையோ உங்களுக்குப் பொருத்தமான இடம். காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணிலிருந்து துர்நாற்றம், தோல் ஊதா நிறமாகவோ கறுப்பாகவோ மாறுதல், துணி நனையும் அளவுக்கு இரத்தம் வருதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நாளை வரைகூடப் பொறுக்க வேண்டாம். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், மருத்துவத்தில் ஜெஸ்டேஷனல் ஜைகாண்டோமாஸ்டியா என்று சொல்லப்படும் கர்ப்பகால அதீத மார்பக வளர்ச்சியாகவே தோன்றுகிறது. நேரில் பரிசோதிக்காமல் எந்த நோயையும் உறுதிப்படுத்த முடியாது என்றாலும், இரண்டு பக்கமும் ஒருசேர, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலோ அதையொட்டியோ தொடங்கி, வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரியும்படி பெருகுவது இந்த நிலைக்கே உரிய நடை. முதல் கர்ப்பத்தில் ஒன்றும் நேராமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இது முதன்முறையாகத் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே "முதல் தடவை வரவில்லையே" என்பது இதை மறுக்கும் காரணமாகாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மார்பகம் ஓரளவு பெருக்கத்தான் செய்யும். அந்த இயல்பான வளர்ச்சியைத் தாண்டி, ஒவ்வொரு மார்பகமும் 1.5 கிலோவுக்கு மேல் போய்விட்டால் இந்தப் பெயரைச் சூட்டுவது பல மருத்துவர்களின் வழக்கம். கூடுதலாக வளர்ந்த திசு உடல் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் போவதை அளவுகோலாகக் கொள்பவர்களும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது 1.8 கிலோ. வயிற்றைத் தொடும் அளவு என்று நீங்கள் சொல்வது இந்த எல்லைகளை எப்போதோ கடந்திருக்கும்.

இது அபூர்வமான நோய். 28,000 கர்ப்பங்களில் ஒன்று என்று கணக்கிட்டவர்களும் இருக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் ஒன்று என்று கணக்கிட்டவர்களும் இருக்கிறார்கள். அபூர்வம் என்பதால்தான் நீங்கள் கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கிறது. பல ஆண்டு பிரசவம் பார்த்த மருத்துவர்கள்கூட ஒருவரையும் நேரில் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் இது புதிய நோய் அல்ல. கர்ப்பகாலத்தில் இப்படி நேர்ந்ததைப் பற்றிய குறிப்பு 1648-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. 1669-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் வில்லியம் டர்ஸ்டன், ஓர் இளம்பெண்ணின் மார்பகங்கள் திடீரென்று அளவுக்கு மீறிப் பெருத்ததைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதினார். மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக, வெவ்வேறு நாட்டுப் பெண்களுக்கு வந்து, மருத்துவர்களால் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு நோய்க்கும் உங்கள் ஊர்க் கண்ணேறுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. நீங்கள் சாப்பிட்டதோ, செய்ததோ, செய்யத் தவறியதோ இதைக் கொண்டுவரவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வலியைவிடக் குற்ற உணர்வுதான் அதிகமாகத் தெரிகிறது.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்கள் எல்லாருக்கும்தான் கூடுகின்றன. இந்த நோய் வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் மற்றக் கர்ப்பிணிகளுக்கு இருக்கும் அளவுதான் இவர்களுக்கும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரே மழை பெய்தும் ஒரு வயலில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்பதைப் போல, ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் மார்பகத் திசு அதற்கு மிதமிஞ்சி வினைபுரிகிறது என்பதே இப்போதைக்குப் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். லூபஸ், மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள் சிலரிடம் சேர்ந்தே காணப்பட்டிருக்கின்றன. டி-பெனிசிலமின் என்ற மருந்தும் கர்ப்பம் இல்லாதவர்களிடம்கூட இத்தகைய வளர்ச்சியை உண்டாக்கக்கூடியது. அது கொடுக்கப்படும் மூட்டுவாதத்துக்கோ, உடலில் தாமிரம் சேரும் வில்சன் நோய்க்கோ நீங்கள் ஏதாவது மருந்து எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் மாமியார் சொல்லும் பால்கட்டு இதுவல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். பால் கட்டுவது பிரசவத்துக்குப் பிறகு, பால் சுரக்கத் தொடங்கும் நாட்களில் வருவது. மார்பகம் கல்போல் இறுகி, சூடாகி, பாலை வெளியேற்றியதும் தளரும். மூன்றாம் மாதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதைவிட முக்கியமானது, பால் கட்டியிருக்கிறது என்று நம்பி மார்பகத்தைப் பிசைந்தோ பீய்ச்சியோ விடக் கூடாது என்பது. அப்படித் தூண்டும்போதெல்லாம் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இன்னும் அதிகமாகப் புரோலாக்டினைச் சுரக்கும்; நாம் எதைக் குறைக்க விரும்புகிறோமோ அதையே கூட்டியவர்களாவோம்.

மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்லி யாராவது யோசனை கூறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பால் வற்றுவதற்காக நம் வீடுகளில் தொன்றுதொட்டு இருக்கும் பழக்கம் அது. அதில் பொருளில்லாமலும் இல்லை: பிரசவத்துக்குப் பின் பால் வற்றச் செய்ய மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுமே புரோலாக்டினைக் குறைத்தன, மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் அது ஆரோக்கியமான தோலுள்ள, குழந்தை பெற்ற பெண்களிடம் செய்தது. வெடித்து நீர் கசியும் தோலின் மேல் ஈரப்பூவையோ மஞ்சள் பத்தையோ விளக்கெண்ணெயையோ வைத்து இறுக்கிக் கட்டினால், வியர்வையும் ஈரமும் சேர்ந்து கிருமி பெருகுவதற்கே வழி செய்யும். தயவுசெய்து வேண்டாம்.

புற்றுநோயா என்ற பயத்துக்கு வருகிறேன். அதீத மார்பக வளர்ச்சி என்பது புற்றுநோய் அல்ல. அளவு எவ்வளவு பெரிதானாலும், உள்ளே இருப்பது பெருத்துப்போன பால் சுரப்பிகளும் குழாய்களும் நீர் கோத்த இணைப்புத் திசுவும்தான். ஸ்கேன் அறையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். படம் எடுப்பவர் அப்படி வாய்மொழியாக நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதே நேரத்தில், "இது சாதாரண நோய்தான், சோதனை எதுவும் தேவையில்லை" என்று உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பவும் எனக்கு மனமில்லை. கர்ப்பகாலத்தில் இரண்டு மார்பகங்களும் வேகமாகப் பெருக்கும்போது மிக அரிதாக பர்கிட் லிம்ஃபோமா என்னும் இரத்தம் சார்ந்த புற்றுநோய் அதற்குப் பின்னால் இருந்ததுண்டு. ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் பைலோடிஸ் என்னும் மார்பகக் கட்டியையும், தோல் சிவந்து ஆரஞ்சுப்பழத் தோல்போலக் குழிகுழியாக மாறினால் அழற்சி வகை மார்பகப் புற்றுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசி மூலம் எடுக்கும் சதைப் பரிசோதனையும் (பயாப்சி) அவசியம் என்பதே என் கருத்து. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சற்றே தடித்த ஊசியால் இழை இழையாகத் திசு எடுப்பார்கள். கர்ப்பிணிக்குச் செய்யலாம், குழந்தைக்குத் தீங்கில்லை. இரத்த ஓட்டம் மிகுந்த மார்பகம் என்பதால், எடுத்த இடத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டுவார்கள். பயாப்சி செய்தால் நோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரத்தப் பரிசோதனைகளில் நான் மிகவும் வலியுறுத்துவது கால்சியம். இந்த நோயில் சில பெண்களுக்கு, பெருத்த மார்பகத் திசுவே பாராதைராய்டு ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுவதால், எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறி இரத்தத்தில் அளவு கூடிவிடுகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கடும் மலச்சிக்கல், வாந்தி, ஒருவித மந்தமான குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் பாதி கர்ப்பத்திலேயே வரக்கூடியவை என்பதால் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். நம் ஊரில் நான்காம் மாதம் தொடங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் நல்லதான அந்த மாத்திரை, இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவருக்கு மேலும் சுமையாகிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் இரத்தக் கால்சியத்தைப் பாருங்கள், அளவைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். இதோடு இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், புரோலாக்டின், லூபஸுக்கான சோதனை ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது உங்கள் குழந்தையைப் பற்றி. இந்த நோய் குழந்தையின் உறுப்புகளைக் குறைப்படுத்துவதில்லை. தாய்க்கு ஏற்படும் தொற்று, இரத்தச்சோகை, சரியாகச் சாப்பிட முடியாமை, கால்சியக் கோளாறு ஆகியவை வழியாகத்தான் குழந்தையின் வளர்ச்சி குன்றவோ குறைமாதப் பிரசவம் நேரவோ கூடும். அவை ஒவ்வொன்றும் கவனித்தால் கட்டுப்படுத்தக்கூடியவை. கூச்சத்தால் பரிசோதனையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் செய்திருக்க வேண்டிய, குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் உங்களுக்கு விடுபட்டிருந்தால் அதை உடனே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் தேவைப்படும். உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்; அவர் பெண், இதையெல்லாம் தினமும் பார்ப்பவர், உங்கள் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைக் கொண்டு பெரிய மருத்துவமனைக்கு முறையாகப் பரிந்துரைத்து அனுப்பவும் அவரால் முடியும்.

கருவைக் கலைத்தால் மார்பகம் சுருங்கிவிடும் என்று சொல்பவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் எளிமையானது: அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கர்ப்பம் முடிந்த பிறகும் வளர்ச்சி தணியாமல், அறுவை சிகிச்சையே தேவைப்பட்ட பெண்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் படித்திருக்கிறோம். தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து வரும் தறுவாயில் கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதை மகப்பேறு மருத்துவர் உங்களோடு அமர்ந்து பேசுவார். அந்தப் பேச்சில் இறுதிச் சொல் உங்களுடையது. உறவினர்களின் வற்புறுத்தலால் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. நீங்கள் விரும்பி ஏற்ற குழந்தை என்று உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் சொல்கிறது.

சிகிச்சை என்ன என்று பார்ப்போம். கர்ப்பம் முடியும்வரை நம் நோக்கம், வளர்ச்சியின் வேகத்தைக் குறைத்து, தோலைக் காப்பாற்றி, குழந்தை முதிரும்வரை நாட்களைக் கடத்துவது. முதலில் பயன்படுத்தப்படும் மருந்து, மேலே சொன்ன புரோமோகிரிப்டின். புரோலாக்டினைக் குறைக்கும் இந்த மாத்திரை சிலரிடம் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது, சிலரிடம் மட்டுப்படுத்தியிருக்கிறது, சிலரிடம் எந்தப் பலனும் தரவில்லை. கேபர்கோலின் என்ற மருந்தும் இதே வகையைச் சேர்ந்தது. குமட்டலும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் வரலாம். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாத கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்கக் கூடாது. எடுக்கும் காலம் முழுவதும் குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிக்க வேண்டும். மெடிக்கலில் பெயரைச் சொல்லி வாங்கிவிடக்கூடும் என்பதாலேயே அளவை இங்கே எழுதாமல் விடுகிறேன். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கழுத்துவலிக்கு வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுரூஃபென் மாத்திரைகளை 20 வாரத்தைக் கடந்த நீங்கள் தொடக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய இரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடியவை.

மருந்தைவிட அன்றாடம் உங்களுக்கு ஆறுதல் தரப்போவது தாங்கலும் தோல் பராமரிப்பும்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடையில் விற்கும் எந்த அளவும் உங்களுக்குப் பொருந்தாது. நம்பிக்கையான தையல்காரப் பெண் ஒருவரிடம், முன்பக்கம் திறக்கும்படி, நான்கு விரல் அகலத் தோள்பட்டையோடு, அடியில் அகலமான பட்டி வைத்து, மெல்லிய பருத்தித் துணியில் இரட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். வாரந்தோறும் தளர்த்திக்கொள்ளும்படி முதுகில் கொக்கிக்குப் பதில் நாடா வைப்பது நல்லது. மெல்லிய பட்டை தோளில் பள்ளம் விழும்படி அழுந்தினால் நரம்பு நசுங்கி, சுண்டுவிரல்வரை மரத்துப்போகும். குளித்ததும் மார்பகத்தை இரு கையாலும் தூக்கிப் பிடித்து, அடிமடிப்பைத் தேய்க்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். சில நிமிடம் மின்விசிறிக் காற்றுப்படும்படி உட்காருங்கள். பிறகு துவைத்து வெயிலில் உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியை மடித்து இடையில் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். பவுடர் போட வேண்டாம், வியர்வையில் கட்டிக்கொண்டு மேலும் அறுக்கும். மடிப்பில் சிவந்து அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்குரிய களிம்பை மருத்துவர் தருவார். இப்போது வெடித்திருக்கும் இடத்தைப் பொறுத்தவரை, சலைன் நீரால் கழுவி ஒட்டாத கட்டுப் போட மருத்துவமனையில் செவிலியர் கற்றுக்கொடுப்பார். பிளாஸ்திரியை நேரே தோலில் ஒட்டாதீர்கள், இழுத்துப் பிரிக்கும்போது நீட்டிப்போன தோலும் சேர்ந்து வந்துவிடும்.

மல்லாந்து படுக்க வேண்டாம். இடப்பக்கம் சாய்ந்து, முதுகுக்கும் மார்பகத்துக்கு அடியிலும் தலையணை கொடுத்து, தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், மார்பகத்தின் மிகப் பெருத்த இடத்தில் சுற்றளவை இஞ்சு டேப்பால் அளந்து தேதியோடு குறித்து வைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவர் நொடியில் தெரிந்துகொள்வார்.

பிரசவத்துக்கு இந்த நோய் மட்டுமே காரணமாகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மயக்க மருத்துவர் உங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மல்லாந்து படுக்கவைத்தால் மார்பின் எடை மூச்சை அழுத்தும். அவசரத்தில் முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதும் கடினமாகும். ஆகையால் எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்து, உங்கள் இரத்த வகைக்குக் கொடையாளர் இருவரையாவது சொல்லி வையுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாமல் தோல் அழுகினாலோ இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ கர்ப்பத்திலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும்; அது கடைசி வழி, ஆனால் அந்தக் கட்டம் வந்தால் தயங்கவும் கூடாது.

பழைய நிலைக்குத் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சுருங்கத் தொடங்குகிறது. ஆனால் பழைய அளவுக்கே போய்ச் சேர்பவர்கள் குறைவு. நீண்டு தளர்ந்த தோலும் தழும்பும் மிஞ்சும். எனவே பலருக்கு, சுருக்கம் நின்று சில மாதங்கள் ஆன பிறகு, பிளாஸ்டிக் சர்ஜன் அளவைக் குறைத்துச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது கிடைக்கிறது. இதை அழகுக்காகச் செய்வதென்று கருதி யாராவது மறுத்தால் மனம் தளராதீர்கள்: புண், நரம்பு அழுத்தம், முதுகுத்தண்டு வலி ஆகியவற்றை மருத்துவர் எழுத்தில் பதிவு செய்திருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அந்தக் குறிப்போடு விசாரிக்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

தாய்ப்பாலைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்குப் பதில் எழுதக் கடினமானது. பால் கொடுப்பது மார்பகத்தை மேலும் தூண்டும் என்பதாலும், புரோமோகிரிப்டின் பால் சுரப்பதையே நிறுத்திவிடும் என்பதாலும், இந்த நோயில் பெரும்பாலும் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். முதல் குழந்தைக்குக் கொடுத்த உங்களுக்கு இது எவ்வளவு வருத்தம் என்று புரிகிறது. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. பிறந்த முதல் நாட்களுக்கு, குறிப்பாகக் குழந்தை குறைமாதமாகப் பிறந்தால், அங்கிருந்து பெற முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பிறகு அவர் சொல்லும் பால்மாவில் குழந்தை நன்றாகவே வளரும். மார்போடு அணைத்துக்கொள்ளவும், உடம்போடு உடம்பாகச் சூடு கொடுக்கவும் தடையே இல்லை. புண் இல்லாத பக்கம் குழந்தையைக் கிடத்திக்கொள்ளலாம்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் மனைவி வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது வலியால் மட்டுமல்ல, ஊர் பார்வைக்குப் பயந்துதான். மருத்துவமனைக்கு நீங்களே உடன் செல்லுங்கள், வெளிநோயாளர் வரிசையில் நிற்கும்போது போர்த்திக்கொள்ள அகலமான சால்வை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், உறவினரின் பேச்சு அவர் காதுவரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி துவைப்பது எல்லாம் இனி உங்கள் பொறுப்பு. அவர் சாப்பிடாமல், தூங்காமல், அழுதுகொண்டே இருப்பதைக் கண்டால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொரு கர்ப்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிரசவ நாளன்றே முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை வந்த இந்த நோய் அடுத்த கர்ப்பத்திலும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக்கூட, மிச்சமிருக்கும் திசு மறுபடி பெருத்திருக்கிறது. மார்பகத் திசுவை முழுவதுமாக நீக்கிச் சீரமைத்துக்கொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இரண்டு குழந்தைகள் போதும் என்று நீங்கள் இருவரும் நினைத்தால், நிரந்தரக் கருத்தடை செய்துகொள்ளலாம். உங்கள் உடம்பு ஏற்கெனவே பட்டிருக்கும் பாட்டைப் பார்த்தால், ஆண்களுக்கான எளிய அறுவை சிகிச்சையை உங்கள் கணவர் செய்துகொள்வதே நியாயம் என்பேன். முடிவு செய்யக் காலம் வேண்டுமென்றால் ஹார்மோன் இல்லாத காப்பர்-டி பொருத்திக்கொள்ளுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டும் இரத்தக் கால்சியம் அளவும் வந்ததும், நீங்கள் குறித்து வைத்த வாரச் சுற்றளவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். பெயர் வேண்டாம், எத்தனையாவது வாரம், என்ன மருந்து தொடங்கியிருக்கிறார்கள், புண் எப்படி இருக்கிறது என்பது மட்டும் போதும்.